இன்னும் ஒரு சுற்று

அண்ணியை நினைத்தால் வெந்த மரத்தின் வாசனைதான் எனக்கு முதலில் வரும். ஹட்டனிலிருந்து கீழே இறங்கும் ஆற்றோரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு பலகை ஆலையில் அண்ணனும் அண்ணியும் நானும் வேலை செய்தோம். இலங்கை சுதந்திரமடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றிலும் இருந்த தோட்டங்களுக்குத் தேயிலைப் பெட்டி செய்யும் பலகை அங்கேதான் தயாரானது. லொறியில் வரும் மலைவேம்புக் கட்டைகளையும் அல்பீசியாக் கட்டைகளையும் அளவாக அறுத்து, ஒரு பகலும் ஓர் இரவும் சுடுதண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவோம். வேகாத மரத்தைச் சீவினால் வெடித்துப் பிளந்துவிடும். வெந்த கட்டையைக் கொக்கி போட்டு இழுத்து, ஆவி பறக்கப் பறக்க இரும்புத் தகட்டால் பட்டையை உரித்து, மெசினுக்குக் கொடுப்பது என் வேலை. பட்டை உரிந்த கட்டை, தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டைப் போல வழுவழுவென்று, கொஞ்சம் சிவந்தும் இருக்கும். முதல் வாரம் அதைத் தொடவே எனக்குக் கூசியது.

சீவு மெசின் அண்ணன் பொறுப்பில் இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புப் பற்கள் கட்டையின் நடுவில் குத்தி அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டை சுழலும்போது, அதன் நீளத்துக்கே இருக்கும் ஒரு கத்தி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து அதைச் சீவும். முதலில் துண்டு துண்டாகப் பிய்ந்து விழும். மேடு பள்ளமெல்லாம் போய்க் கட்டை உருண்டையானதும், சுருட்டிய பாயைப் பிரிப்பதுபோல ஒரே நீளமாக மரம் வெளியே வரும். இங்கிலீஷில் அதை வெனியர் என்றார்கள். எங்களுக்கு அது தாள். ஈரமாக, சூடாக, அட்டை கனத்தில் வரும் அந்தத் தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டு நீள மேசையோரமாகப் பின்னால் நடந்துபோவது அண்ணியின் வேலை. வேகமாக இழுத்தால் கிழியும். மெதுவாக இழுத்தால் மடிந்து நொறுங்கும். மெசின் போகிற வேகத்துக்கே அவள் நடக்க வேண்டும். அப்புறம் தாளை வெட்டி, சூட்டறையில் காயவைத்து, நடுத்தாளைக் குறுக்கே வைத்து மூன்று மூன்றாகப் பசை பூசி அழுத்துவார்கள். பசைக்கு இரத்தம் வேண்டும். டவுன் இறைச்சிக்கடைக்கார நானா ஒவ்வொரு காலையும் மாட்டு இரத்தத்தைப் பீப்பாயில் அனுப்புவார். சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கி, சூடான தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தண்ணீருக்கும் விடாது. பசைக் கூடத்துத் தரை எப்போதும் கறுப்புச் சிவப்பாகத்தான் கிடக்கும். இப்போது தேயிலை காகிதப் பையில் போகிறது. அன்றைக்குச் சீமைக்குப் போன ஒவ்வொரு பெட்டியும் இப்படித்தான் ஒட்டியிருந்தது.

அண்ணனின் வலது கையை ஆலை முழுக்க மெச்சும். தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவை தேய்த்தால் போதும், கனம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மனேஜர் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். யாராவது வெளியாள் வந்தால் அண்ணனை அழைத்துக் காட்டச் சொல்வார். அந்தப் பெருமையை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆலைக்குப் பின்னால் வரிசை வீடுகளாக இருந்த லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பிரா, ஒரே அறை. நடுவில் சாக்குத் திரை. ஒரு பக்கம் அவர்களும் மூன்று வயதுப் பெண்குழந்தையும், மறுபக்கம் நான். சாயங்காலம் சோற்றில் உப்பு குறைந்தால் ஒரு அறை, பதில் சொன்னால் ஒரு அறை, பதில் சொல்லாவிட்டால் இரண்டு. அடுப்பு எரிக்கக் கொண்டுவரும் பலகை ஓரத்தாலும் அடிப்பார். அண்ணி சத்தம் போட மாட்டாள். குழந்தைதான் கத்தும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். காலையில் அதே அண்ணி வீங்கிய கையால் எனக்கு ரொட்டி சுட்டுப் போடுவாள். நான் தின்றுவிட்டு வேலைக்குப் போவேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அண்ணனைத் தூக்கிப் போடும் அளவுக்கு உடம்பில் பலமும் இருந்தது.

ஒருநாள் ஆலையிலேயே அடித்தார். தாளில் இருந்த கணு ஒன்று பிய்ந்து, அண்ணி கையில் இருந்த நுனி கிழிந்துபோனது. அண்ணன் மெசினை விட்டு இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் அவள் கன்னத்தில் ஓங்கி அடித்தார். அவள் மேசையில் முட்டி விழுந்தாள். பசைக் கூடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள். மனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "வேலை நேரத்துல வச்சிக்காத. புருசன் பொண்டாட்டி விசயத்த வீட்டுல பாத்துக்க," என்றார். அவ்வளவுதான். அண்ணி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிழிந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி தாளைப் பிடித்து நடந்தாள்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். தென்மேற்கு மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல். அன்று காலையிலும் வீட்டில் அடி விழுந்திருந்தது. அண்ணியின் கீழுதடு பிளந்து, வேலைக்கு வரும்போதும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கட்டையில் கணு அதிகம். கத்திக்கும் அதற்கு மேலிருந்த அழுத்துச் சட்டத்துக்கும் இடையில் ஒரு மரச் சிம்பு சிக்கி, தாளில் நீளமாகக் கீறல் விழ ஆரம்பித்தது. மெசினை நிறுத்திவிட்டுத்தான் சிம்பை எடுக்க வேண்டும். அண்ணன் ஒருநாளும் நிறுத்தியதில்லை. நிறுத்தாமல் விரலால் தட்டி எடுப்பதில் அவருக்கு ஒரு கெத்து. அன்றும் கையை நீட்டினார். சுழலும் கட்டையில் துருத்திக்கொண்டிருந்த இன்னொரு சிம்பு அவருடைய சட்டைக் கையில் மாட்டிக்கொண்டது.

கட்டை அப்படியொன்றும் வேகமாகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு விடும் நேரம். கூரையோரம் ஓடும் தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி மெசினைச் சுழற்றும். சுவரோரம் இருந்த மரக் கைப்பிடியைத் தள்ளினால் பெல்ட் நழுவி, மெசின் நின்றுவிடும். அந்தக் கைப்பிடிக்கும் எனக்கும் நடுவில் நான்கு எட்டுகூட இல்லை. அண்ணி மேசையின் அந்தக் கோடியில், தாள் நுனியைப் பிடித்தபடி நின்றாள். முதல் சுற்றில் சட்டைக் கை முழங்கை வரை சுருண்டது. அண்ணன், "டேய்! நிறுத்துடா! நிறுத்துடா!" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பயத்தில் உறைந்துபோனேன் என்று பிறகு பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் தலைக்குள் ஒரே ஒரு எண்ணம் தெளிவாக ஓடியது: இன்னும் ஒரு சுற்று சுற்றட்டும்.

சுற்றியது. கட்டை அவருடைய கையை இழுத்துக் கொண்டுபோய்க் கத்தியின் மேல் வைத்தது. பச்சை மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம். மேசைமேல் நகர்ந்துகொண்டிருந்த வெள்ளைத் தாளில் அகலமாகச் சிவப்புக் கோடு விழுந்து, அதுவும் தாளோடு சேர்ந்து முன்னால் நகர்ந்தது. அப்போது அண்ணி ஓடி வந்தாள். மேசையைச் சுற்றி வரவில்லை. மேசைமேல் ஏறி, ஈரத் தாளை மிதித்துக் கிழித்துக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து, என் தோளை இடித்துத் தள்ளிவிட்டு, கைப்பிடியைத் தன் முழு உடம்பாலும் தள்ளினாள். பெல்ட் நழுவியது. அண்ணனின் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. உள்ளங்கை பாதி வரை பிளந்து கிடந்தது. அண்ணி தன் முந்தானையைப் பல்லால் கிழித்து, அவர் கையை மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அவளுடைய உதட்டு இரத்தமும் அந்தத் துணியில் பட்டது. பலகை ஏற்ற வந்திருந்த லொறியில் அவரைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் வாயைத் திறந்ததும் சொன்ன முதல் பேச்சு, "இவ வேணும்னே மெதுவா வந்தா," என்பதுதான். மயங்கும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் அவர் கண்டது அவளைத்தான். என்னைப் பார்த்துக் கத்தியது அவருக்கு நினைவில் இல்லை. அடி வாங்கிய பெண்டாட்டி பழி தீர்த்துக்கொண்டாள் என்ற கதை எல்லோருக்கும் சுலபமாகப் புரிந்தது. மெசினுக்குக் காப்புத் தகடு இல்லாததையும், ஓடும் மெசினில் அண்ணன் கைவைப்பதை வெளியாட்களுக்குத் தானே வேடிக்கை காட்டியதையும் மறைக்க மனேஜருக்கும் அந்தக் கதை வசதியாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் விசாரணை வைத்தார். மேசைக்கு முன்னால் அண்ணி நின்றாள். பக்கத்தில் நான்.

"நீ அங்கதான நின்ன? இவ உடனே வந்தாளா, வேணும்னு நின்னாளா?"

"நான் கட்டையப் பாத்துக்கிட்டு இருந்தேங்க ஐயா. கவனிக்கல."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உதட்டுப் புண்ணை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, மனேஜரிடம், "நான் ஓடித்தாங்க வந்தேன்," என்று மட்டும் சொன்னாள். யார் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றது என்பதை அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னை மெசினில் ஏற்றினார்கள். அண்ணன் நின்ற இடத்தில் நின்று, அவருடைய கை போன கத்திக்கு முன்னால் நான் தாள் சீவ ஆரம்பித்தேன். குழாயடியில் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போனால், "புருசன் கையத் தின்னவ வாராடி," என்று பெண்கள் வாளியைத் தள்ளிவைத்தார்கள். அவளை அடிக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்ட அதே பெண்கள்.

அண்ணன் வீடு திரும்பி ஒரு மாதம் இடது கையால் அடித்துப் பழகினார். குறி தப்பும், அதற்கும் சேர்த்து உதைப்பார். குடியும் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். சீவி முடித்தபின் மிஞ்சும் நடுக்கட்டையைத்தான் எல்லோரும் எரிப்போம், கைக்கடக்கமான உருட்டுக்கட்டை. உள்ளே குழந்தை வீறிட்டது. வழக்கமான அழுகையில்லை அது. நான் உள்ளே ஓடினேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி அண்ணனின் இடது கையில். அண்ணி குழந்தையைத் தன் உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் மறைத்து, முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய தோளில் ஒரு வெட்டு ஏற்கெனவே விழுந்து, ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"என் கைய எடுத்தல்ல? ஒன் கழுத்த எடுக்கிறேன்டி!"

இரண்டாவது வெட்டு ஓங்கியபோது நான் குறுக்கே கையை நீட்டினேன். என் முன்னங்கையில் எலும்பு வரை இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. அவரைச் சுவரோடு சேர்த்து நெருக்கி, முகத்துக்கு முகம் வைத்துக் கத்தினேன்.

"அவங்க இல்ல! நான்! நான்தான் நிறுத்தல! நீ என்னையத்தான் கூப்ட்ட. கைப்பிடி எம்பக்கத்துலதான் இருந்துச்சு. நான் வேணும்னுதான் நின்னேன்!"

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பாமை கொஞ்சம்கூட இல்லை. அந்த நொடியே அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கத்தியை நழுவவிட்டார். "தம்பி..." என்று ஆரம்பித்தார். அவர் அதற்குமேல் என்ன சொல்ல வந்தாரோ, எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அவரைச் சொல்லவிடவில்லை. வாசலில் கிடந்த உருட்டுக்கட்டையை எடுத்து வந்து அடித்தேன். முதல் அடியில் கீழே விழுந்தார். விழுந்தவரையும் அடித்தேன். அவள் வாங்கிய அடி, நான் திரும்பிப் படுத்த சாயங்காலங்கள், மனேஜர் முன்னால் நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் அவர் உடம்பில் இறக்கினேன். விரல்கள் போன, கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவர் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தக் கையின் மேலேயும் அடித்தேன். என் பின்னாலிருந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது அண்ணிதான்.

"விடுங்க தம்பி! செத்துருவாரு! விடுங்கன்னா விடுங்க!"

ஒரு தோளில் இரத்தம் ஒழுக, மறு கையால் என்னை இழுத்துக் கீழே தள்ளி, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் கிடந்தோம். லயத்து ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. இரண்டாவது தடவையாக அவரைச் சாவிலிருந்து அவள் காப்பாற்றினாள், இரண்டு தடவையும் என்னிடமிருந்து.

மறுநாள் காலை தோளில் தையலோடு அண்ணி கிளம்பினாள். டயகம பக்கம் ஒரு தோட்டத்தில் அவளுடைய அப்பா இருந்தார். குழந்தையை அவள் தூக்கிக்கொள்ள, தகரப் பெட்டியை நான் ஒற்றைக் கையால் பஸ் நிறுத்தத்துக்குத் தூக்கிப் போனேன். பஸ் ஏறும்போது, "கைக்கு மருந்து வச்சிக்கங்க," என்றாள். அங்கிருந்து நேரே மனேஜரிடம் போய், மெசினை நிறுத்தாமல் நின்றது நான்தான் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "முடிஞ்சுபோன விசயம்டா. போய் மெசினப் பாரு," என்றார். நான் போகவில்லை. அன்றோடு ஆலையை விட்டேன். அண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. யார் அடித்தது என்று அவர் பொலிசுக்குச் சொல்லவில்லை. அவரை ஆலையில் வாசல் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். கடைசிவரை என்னோடு பேசவில்லை. நானும் போய் நிற்கவில்லை. சில வருடத்தில் ஈரல் கெட்டு இறந்தார். கொள்ளி வைத்தது நான்தான். அண்ணி வந்தாள். குழந்தையைக் கூட்டி வந்து கால்மாட்டில் நிறுத்தி, கும்பிடச் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போய்விட்டாள்.

அதற்கும் பிறகு, அறுபதுகளின் நடுவில், நான் பலகை ஏற்றும் லொறி ஒன்றில் வேலை செய்தேன். ஒருமுறை டயகம பக்கத் தோட்டத்துத் தேயிலை பெக்டரிக்கு லோடு வந்தது. பெட்டி அடிக்கும் அறையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தது அண்ணி. நான்கு பக்கப் பலகையும் சட்டமும் சேர்த்து, மூலைகளில் தகரப் பட்டை வைத்து ஆணி அடித்து, உள்ளே ஈயத்தாளும் காகிதமும் விரிக்கிற வேலை. முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. என்னைப் பார்த்து வியப்படையவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், கணக்கு நன்றாக வருகிறது என்றாள். நான் கொண்டுவந்த பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "நடுத்தாள் கனம் பத்தாது," என்றாள். யாரிடம் அதைக் கற்றாள் என்று இருவருக்கும் தெரியும்.

அத்தனை வருடம் சுமந்த கேள்வியை நான் கேட்டுவிட்டேன். "ஒங்களுக்கு அன்னைக்கு ஒரு நிமிசமாவது தோணலயா அண்ணி? இவனுக்கு நல்லா வேணும்னு?"

ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள். "தோணுச்சு தம்பி. ஆஸ்பத்திரில, அவரு தூங்கும்போது தோணுச்சு. அன்னைக்கு இல்ல. ஓடி வாரப்ப நான் அவரப் பாக்கல. கையத்தான் பாத்தேன். என்னைய அடிச்ச கைதான். மெசினுக்குள்ள போனா அதுவும் கைதானே."

"நான் நின்னுக்கிட்டு இருந்தத பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"மனேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்க ரெண்டு பேருல ஒருத்தரு செத்திருப்பீங்க." அடுத்த தகரப் பட்டையை எடுத்தாள். "அப்பறம், அடுத்ததா என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். அதக் கேக்காதீங்க. கேட்டா நான் பொய் சொல்லணும்."

என்னை மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தார். எழுந்திருக்கப் போனேன். அண்ணி பெட்டியை என் பக்கம் திருப்பி, "இந்த மூலையக் கொஞ்சம் புடிங்க, நகருது," என்றாள். பலகை இரண்டும் சேரும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவள் தகரத்தை மடக்கி, ஆணியை நிறுத்தி, சுத்தியலை ஓங்கினாள். என் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி முதல் ஆணி இறங்கியது. இரண்டாவது இன்னும் பக்கத்தில். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தேன்.